மருமகளின் வலது முழங்கால்

என் மருமகள் போட்ட தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்துவிட்டு வெளியூர் போய், ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால், குண்டு வைத்த இடத்திலேயே இருக்கும். சரி, ஒரு வாரம் என்பது அதிகம்தான். வெளியூர் போனதும் பொய். அடுப்பில் பால் பொங்குகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான். ஆனால் குண்டு அசையவில்லை என்பது மட்டும் கலப்படமில்லாத உண்மை.

அவளுக்குத் தரையில் டைல்ஸ் போடும் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதுதான். தொழிலில் இருப்பவர்கள் அவளை 'ரசமட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். நடுவில் ஒரு குமிழி நீந்தும், தரை சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்களே, அந்தக் கருவியின் பெயர். அவளுக்கு அந்தக் கருவியே தேவையில்லை, கண்ணிலேயே குமிழி இருக்கிறது என்பார்கள். வீட்டுக்கு வரும் மற்றவர்கள் சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்தால், இவள் அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பாள்.

என் மகன் இவளை முதன்முதலில் வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, என்னைப் பார்ப்பதற்கு முன்னால் சமையலறைத் தரையைப் பார்த்தாள். "இங்க தண்ணி தேங்குமே, அத்தை" என்றாள். பதினேழு வருஷமாக அந்த மூலையில் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தவள் நான். வந்த அன்றைக்கே குறை சொல்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கேட்காமலே ஒரு பையோடு வந்து ஆறு கற்களைப் பெயர்த்து, அடியைச் சரிசெய்து, திரும்பப் பதித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்டு நேராகக் குழாய்க்குள் இறங்கியது. அன்றைக்கே மகனிடம் சொல்லிவிட்டேன்: "இவள விட்டுட்டு வந்தேன்னா, உன்னை இந்த வீட்டுக்குள்ள விடமாட்டேன்."

அவள் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசியில் செய்யும் ஒரு காரியம். எல்லாம் காய்ந்த பிறகு, கையில் ஒரு நாணயத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டே போவாள். அடியில் கலவை நிறைந்திருந்தால் ஒரு சத்தம், காலியாக இருந்தால் இன்னொரு சத்தம். வீட்டுக்காரருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். அவர் "போதும்மா, நல்லாத்தான் இருக்கு" என்று கெஞ்சினாலும், காலிச் சத்தம் வந்த கல்லைப் பெயர்த்து மறுபடி போடாமல் வீட்டுக்கு வரமாட்டாள்.

இப்படிப்பட்டவளுக்கு முழங்காலில் வலி வந்தது. இந்தத் தொழிலே முழங்காலில் நின்று செய்வதுதான். பாட்டுக்காரிக்குத் தொண்டை கட்டியது போல.

மூன்று வருஷத்துக்கு முன்னால் டைல்ஸ் பசை மூட்டையைத் தோளில் வைத்துப் படியேறும்போது வழுக்கி, வலது கால் ஒருபக்கமாக மடங்கியிருக்கிறது. பத்து நாள் வீக்கம். ஒரு பட்டையைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். வீக்கம் போனது, வலி மட்டும் உள்ளேயே குடியேறிவிட்டது. எனக்குத் தெரிந்தது காதால்தான். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. அவள் இறங்கும் சத்தம் எப்போதும் குதிரை ஓடுவது போல இருக்கும். அது ஒரு நாள் ஒரு கால் பேச, இன்னொரு கால் முனகுவது போல ஆகிவிட்டது. பிறகு ஒரு ஸ்க்ரூ டிரைவர் தேடி அவள் கருவிப் பையைத் திறந்தேன். அடியில் வலி மாத்திரையின் காலி அட்டைகள், ஒன்றின்மேல் ஒன்று அழகாக அடுக்கி. அதிலும் ஒழுங்கு.

"இது என்னம்மா, புது டிசைன் டைல்ஸா?" என்று கேட்டேன்.

"அத்தை, பையைக் குடுங்க."

"எத்தனை நாளா சாப்பிடற?"

"வேலை இருக்கற நாளைக்கு மட்டும்தான்."

"உனக்கு வேலை இல்லாத நாள் எது?"

பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து, அவள் கல் வாங்கும் டைல்ஸ் கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார். கடையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குக் கல்லைக் காட்டி விற்க ஆள் தேவை. நாற்காலி, மின்விசிறி, மாதச் சம்பளம். "அஞ்சு மாசத்துல பதில் சொல்லும்மா. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார். நல்ல மனிதர். என் மகன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், நாள் முழுக்க உட்கார்ந்தே சம்பாதிக்கிறவன், உடனே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டான்.

"உக்காந்து பாக்கற வேலைதானே, போயேன்" என்றான்.

"நான் உக்காந்து விப்பேன். போடறது எவனோ. அவன் கோணலாப் போடுவான். அந்தக் கோணலுக்கு நான் கல்லு எடுத்துக் குடுக்கணும். அதானே சொல்றீங்க?"

"அப்போ முழங்கால்?"

ஐந்து மாதத்தில் அந்தக் கால் ஒரு முடிவுக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் நாற்காலிதான். வீட்டில் நாங்கள் மூன்று பேரும் அந்தக் காலைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தோம்.

அப்போதுதான் 'பசை' வந்து சேர்ந்தான். அவளோடு வேலை செய்கிறவன். பேச ஆரம்பித்தால் ஒட்டிக்கொண்டு விடமாட்டான் என்பதால் அந்தப் பெயர். அவனுக்கு முழங்கையில் ஆறு மாதமாக இருந்த வலி ஊசியில் போயிற்றாம்.

"அக்கா, நம்ம சொந்த ரத்தத்தையே எடுக்கறாங்க. மிஷின்ல சுத்து சுத்துன்னு சுத்தறாங்க. மேல தெளிஞ்சு நிக்கறத எடுத்துத் திருப்பி மூட்டுலயே போட்டுடறாங்க. உள்ள எல்லாம் புதுசா முளைக்குதாம். இங்க பாருங்க" என்று எங்கள் வீட்டுத் தண்ணீர் வாளியை ஒரு கையால் தூக்கிக் காட்டினான்.

"வாளிய வைடா, தண்ணி சிந்துது" என்றேன். "உன் முழங்கை வேற, அவ முழங்கால் வேற. வாய்க்கு ஏதாவது ஊசி இருக்கான்னு அங்க கேட்டியா?"

"அம்மா கிண்டல் பண்றாங்க, அக்கா. நீங்க போய்ப் பாருங்க."

போனோம். துணைக்கு நான். எனக்கு ஆஸ்பத்திரி என்றால் ஒரு ஆர்வம். நாலு பேரைப் பார்க்கலாம், நாலு நோயைத் தெரிந்துகொள்ளலாம். எங்கும் கண்ணாடி. சுவர் நிறைய, கடற்கரையில் ஓடும் கணவன் மனைவி படங்கள். இந்த வயதில் இவர்கள் எதற்காக ஓடுகிறார்கள், யார் துரத்துகிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மருமகள் குதிகாலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். "மூணு கல்லு காலி" என்றாள் மெதுவாக.

டாக்டர் அங்கேயே எடுத்த ஸ்கேனைக் கணினித் திரையில் பார்த்தார். எங்களைப் பார்த்ததைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"தேய்மானம். ஆறு ஊசி போடணும். முதல் ஊசிய இன்னைக்கே போட்டுடலாம்."

"காலைத் தொட்டுப் பாக்கலையே, டாக்டர்" என்றாள் மருமகள்.

"ஸ்கேன்லயே எல்லாம் தெரியுதும்மா."

"என் இடது கால ஸ்கேன் எடுத்தா அதுலயும் தேய்மானம் தெரியுமா?"

"இந்த வயசுக்குக் கொஞ்சம் தெரியத்தான் செய்யும்."

"அது வலிக்கலையே."

டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பு கேள்விக்குப் பதில் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. என்ன மாத்திரை சாப்பிடுகிறாள், எப்போது விழுந்தாள், என்ன வேலை செய்கிறாள், ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஸ்கேன் படத்தை உறையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வெளியே வந்ததும் சொன்னாள்: "தட்டிப் பாக்காமலே கல்லப் பேர்க்கறவன்கூட நான் வேலைக்குப் போனதில்ல, அத்தை."

"பசை கிட்ட என்ன சொல்லப் போற?"

"அவனுக்குத் தட்டிப் பாத்திருப்பாங்க. இல்ல, அதிர்ஷ்டம்."

மூட்டுக்கு ஊசி போடும் இரண்டாவது டாக்டரை வேன் ஓட்டும் என் மகன்தான் விசாரித்துக் கண்டுபிடித்தான். விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் பழைய கட்டடம். கட்டை குட்டையான ஒரு பெண்மணி, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். பந்தாட்டக்காரர்களின் கால்களைப் பார்த்துப் பார்த்து, கட்டைவிரலாலேயே ஸ்கேன் எடுப்பார் என்று பேர். வருவதற்கு முன், வலி சரியாக எந்த இடத்தில் என்று கவனித்துக்கொண்டு வரச் சொல்லி போனில் தகவல் வந்தது.

கவனித்து வா என்றால் மற்றவர்கள் கவனிப்பார்கள். எங்கள் ரசமட்டம் குறி போட்டாள். கல்லில் கோடு போடும் பென்சில், தண்ணீரில் அழியாதது. தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, வலிக்கும் இடத்தை விரலால் தேடி, முட்டிச் சில்லின் ஓரத்திலிருந்து அளவு நாடாவைப் பிடித்து அளந்து, உள்பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. இந்தக் காலத்தில் பொறியாளர்கள்கூட இவ்வளவு துல்லியமாக இருப்பதில்லை.

டாக்டர் அவளைக் கட்டிலில் காலை நீட்டிப் படுக்கச் சொன்னார். குறியைப் பார்த்ததும் மகிழ்ந்துபோனார். "எல்லாரும் இப்படி வந்தா எனக்கு வேலை மிச்சம்" என்று கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்லையே."

இன்னும் பலமாக. "இப்போ?"

"இல்ல."

டாக்டர் விரலை எடுத்துவிட்டார். "வலி எங்கன்னு புடிபடாம இந்த ஊசி போடறதுல அர்த்தமே இல்லம்மா. குறி தப்பா இருக்கே."

இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. முகம் சிவந்துவிட்டது. படுத்தபடியே தலையைத் தூக்கித் தன் காலை முறைத்தாள். கால் அவளை ஏமாற்றிவிட்டது போல. ஊசி சரிப்படாது என்று இவர் சொல்லிவிட்டால் அடுத்து நாற்காலிதான்.

"டாக்டர், கொஞ்சம் நகருங்க" என்றாள். கட்டிலை விட்டு இறங்கினாள். அந்த அறையின் தரையில், வேலைத்தளத்தில் இருப்பது போலவே முழங்கால் போட்டாள். காலை மடக்க மடக்க, தோல் நகர்ந்தது. தோலோடு குறியும் நகர்ந்தது. இரண்டு விரல் அகலம்.

"தரையில போட்ட குறி நகராது. அந்த நினைப்புலயே போட்டுட்டேன், இது தோலு" என்றாள். "இப்போ அழுத்துங்க."

டாக்டரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். கட்டைவிரலை வைத்த நொடியில் மருமகள் "ஸ்ஸ்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் வளையல் வளைந்துவிட்டது. இது மிகையில்லை, வளையல் இருக்கிறது, வந்து பார்க்கலாம்.

"குறி தப்பில்ல. நான் பாத்த விதம்தான் தப்பு" என்றார் டாக்டர். "சரி, வேலை செய்யற மாதிரியே செஞ்சு காட்டுங்க."

என் கைப்பையைக் கல்லாகவும், மூலையில் இருந்த குப்பைக்கூடையைக் கலவை வாளியாகவும் வைத்துக்கொண்டு அவள் வேலை செய்து காட்டினாள். வாளி இடதுபக்கம். கலவை எடுக்கத் திரும்பும்போதெல்லாம் உடம்பு முழுக்க வலது முழங்காலில் ஊன்றித் திருகியது.

"இப்படி ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். "நானூறு இருக்கும்."

டாக்டர் நீளமாகப் பேசினார், ஆனால் புரியும்படி பேசினார். தேய்மானம் கொஞ்சம் இருக்கிறது, வலிக்குக் காரணம் அதில்லை. முழங்காலின் உள்பக்கத்தில் எலும்பையும் எலும்பையும் கட்டிவைக்கும் நார் ஒன்று உண்டு. வழுக்கிய அன்று அது இழுபட்டு, சரியாக ஆறாமல் தளர்ந்து நிற்கிறது. முழுசாக அறுந்திருந்தால் ஊசியால் ஒட்டாது, அறுவை சிகிச்சை பற்றித்தான் பேசவேண்டியிருக்கும். அறுந்துபோகவில்லை.

"அப்போ ஊசி சரிப்படுமா?"

"சரிப்படலாம். சத்தியம் பண்ணமாட்டேன். இது ஒட்டற பசை இல்ல. அந்த இடத்தக் கொஞ்சம் உசுப்பிவிட்டு, பாதியில விட்ட ஆத்தற வேலைய உடம்பையே மறுபடி செய்ய வெக்கற முயற்சி. சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கல. ஆராய்ச்சியும் ரெண்டு விதமாத்தான் சொல்லுது."

"அப்புறம் எதுக்குப் போடறீங்க?"

"எல்லாருக்கும் போடறதில்லையே. நீங்க தினம் நானூறு தடவை திருகிட்டு இருந்தா, நான் எதைப் போட்டாலும் சாயங்காலமே நீங்க பிரிச்சுடுவீங்க. மொதல்ல வாளிய இடம் மாத்துங்க. ஆறு வாரம் தொடைக்குப் பயிற்சி. அதுக்கப்புறமும் வலி மிச்சம் இருந்தா, ஊசியப் பத்திப் பேசலாம். வலி மாத்திரை சாப்பிடறீங்களா?"

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். நான் காட்டிக்கொடுக்கவில்லை, அவளே சொன்னாள்.

"அந்த மாத்திரை வீக்கத்த அடக்கும். இந்த ஊசிக்கோ கொஞ்சம் வீக்கம் வேணும். ரெண்டும் ஒண்ணா ஓடாது. நிறுத்தணும்." ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறாளா, சர்க்கரை நோய் உண்டா, எங்காவது புண் சீழ் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். வெளியே வரும்போது மருமகள் சொன்னாள்: "இவங்க தட்டறாங்க, அத்தை."

அந்த ஆறு வாரத்தைப் பற்றி ஒரு காவியமே எழுதலாம். கற்களுக்கு நடுவில் இடைவெளியை அடைக்கும் சிமென்ட் பொட்டலம் ஒரு கிலோவைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு, கூடத்தில் படுத்து, காலைத் தூக்கித் தூக்கி இறக்குவாள். நான் எண்ணுவேன். நடுவில் இரண்டு எண்களை விழுங்கிப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டாள். வேலைத்தளத்தில் வாளியைச் சக்கரப் பலகையில் ஏற்றி முன்னால் நிறுத்திக்கொண்டாள். கை பழக்கதோஷத்தில் இடதுபக்கம் போய்க் காற்றை அள்ளிக்கொண்டு வருமாம். பசை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அதிக நேரம் முழங்கால் போடக் கூடாது என்பதால் பெரும்பாலும் அவன் கல் பதித்தான், இவள் நின்றபடி அளந்து வெட்டிக் கொடுத்தாள்.

"அக்கா, வெட்டறதோட நிறுத்துங்க, என்னைப் பாக்காதீங்க. முதுகு கூசுது."

"நீ மட்டமாப் போடு, நான் ஏன் பாக்கறேன்?"

ஆறு வாரத்தில் வலி பாதியாகக் குறைந்தது. மாத்திரை அட்டை ஒன்றுகூட இல்லாமல். ஆனால் அந்த ஒரு புள்ளி மட்டும், படி இறங்கும்போதும் முழங்கால் போடும்போதும் உயிரோடு இருந்தது. டாக்டர் மறுபடி அழுத்திப் பார்த்துவிட்டு, "இப்போ ஊசிக்கு ஒரு வேலை இருக்கு. போட்டுப் பாக்கலாம். போடாம இப்படியே பயிற்சிய தொடர்றதும் தப்பில்ல. முடிவு உங்களோடது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்று சாப்பாட்டு மேஜையில் மகன் கேட்டான்: "பாதி போயிடுச்சில்ல, அப்புறம் எதுக்கு ஊசி?"

"பாதி மட்டமா இருக்கற தரைய நான் யார்கிட்டயும் குடுத்ததில்ல."

"ஊசி போட்டும் பாதியிலயே நின்னா?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

அவள் எழுந்து போய், டைல்ஸ் பெட்டியின் அட்டை ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தாள். அதே பென்சில். அதிகபட்சம் மூன்று ஊசி என்று எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் டாக்டர் சொல்லும் இடைவெளி. ஒவ்வொன்றுக்குப் பிறகும் இதே மூன்று மாடியை இறங்கிப் பார்ப்பது. வித்தியாசம் தெரியாவிட்டால் நிறுத்திவிட்டுக் கடைக்குப் போய்விடுவது. "இப்பவே எழுதிட்டா அப்புறம் ஆசைல இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு போகமாட்டேன்" என்றாள். ஜோசியம் கேட்காமல், கண்ணீர் விடாமல், தன் உடம்புக்கே ஒப்பந்தம் எழுதிக்கொண்ட ஒருத்தியை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. படித்த பெண்மணி என்று ஊர் சொல்லும் எனக்கு, பல் பிடுங்கவே பதினோரு வருஷம் ஆனது.

அவள் நாருக்கு டாக்டர் தேர்ந்தெடுத்தது ரத்தம் இல்லை, அடர்த்தியான சர்க்கரைக் கரைசல். பசைக்கு இதில் வருத்தம். "எனக்கு ரத்தம், உங்களுக்குச் சர்க்கரைத் தண்ணியா? ஏமாத்தறாங்க, அக்கா."

"உன் ஊசி உன் கைக்கு, என் ஊசி என் காலுக்கு. உனக்கு இனிப்பு பத்தலன்னா டீயில போட்டுக்க."

முதல் ஊசிக்குப் பிறகு மூன்று நாள் கால் கொதித்தது. வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் யாரும் பயப்படவில்லை. நான் மட்டும் கொஞ்சம் பயந்தேன். வேலை முடிந்த வீடுகளில், தரை இறுகும்வரை யாரும் மிதிக்காமல் இருக்க வாசலுக்குக் குறுக்கே அவள் ஒரு சிவப்பு நூல் கட்டுவாள். அந்த நூலை அவள் படுக்கையறை வாசலில் கட்டிவிட்டேன். "நீ போட்ட சட்டம்தானே, இறுகற வரைக்கும் அங்கயே கிட" என்றேன். தாண்டவில்லை. மகன்தான் தடுக்கி விழுந்தான்.

இப்படியாக மூன்று ஊசிகளும் முடிந்து, முழங்கால் வலி என்ற சொல்லே எங்கள் வீட்டில் இல்லாமல் போயிற்று. டைல்ஸ் கடைக்காரரிடம் நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பெரிய நூலகம் ஒன்றின் தரை முழுவதையும் காலையிலிருந்து சாயங்காலம் வரை முழங்கால் போட்டே முடித்தாள் என் மருமகள்.

இந்த இடம் வரை எழுதி, உரக்கப் படித்துக் காட்டினேன். எதிரே உட்கார்ந்து அளவு நாடாவைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"மூணாவது ஊசி போடவே இல்லையே, அத்தை. ரெண்டோட போதும்னு நிறுத்தினேன். வலி முக்கால்வாசி போச்சு, கால்வாசி இருக்கு. நூலகத்துல முழங்கால் போட்டது அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எந்திரிச்சு, மீதிய முக்காலியில உக்காந்துதான். ஓரத்துக் கல்லெல்லாம் நம்ம பசைதான் போட்டான், அவன் பேரையும் எழுதுங்க. வலியே இல்லன்னு எழுதாதீங்க. இதப் படிச்சுட்டு வேற எவளாவது, காலத் தொட்டுக்கூட பாக்காதவன் கிட்டப் போய் ஊசி குத்திக்கிட்டு வந்து நிப்பா."